புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியிருக்கிறதா? ஸ்கேன் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உடம்பில் வேறெங்கோ புற்றுநோய் என்று தெரிந்தபின் "நெஞ்சுக்கும் ஒரு சி.டி. எடுத்துட்டு வாங்க" என்று சீட்டு வாங்கியவர்களுக்கும், வந்த ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க இணையத்தில் தேடும் வீட்டாருக்கும் இந்தப் பக்கம். புகைப்பழக்கம் உள்ளவர்களுக்கு நுரையீரலிலேயே புற்றுநோய் தொடங்கியிருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை தனி விஷயம். அதற்குள் இங்கே போகவில்லை.

கட்டி சிறுநீரகத்தில்தானே? நுரையீரலுக்கு எதற்கு ஸ்கேன்?

ரத்தம் போகும் பாதைதான் காரணம். உடம்பைச் சுற்றிவிட்டுத் திரும்பும் ரத்தம் இதயத்தின் வலப்பக்கம் சேர்ந்து, அங்கிருந்து நுரையீரலுக்குள் புகுந்து வெளியே வந்தால்தான் மறுபடி மற்ற உறுப்புகளுக்குப் போக முடியும். நுரையீரலின் நுண்குழாய்களோ ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட அகலமில்லாதவை. கட்டியிலிருந்து கழன்று ரத்தத்தில் மிதந்து வரும் செல்களுக்கு அது ஒரு சல்லடை. சிக்குவதில் பெரும்பாலானவை அங்கேயே செத்துப்போகும். பிழைத்து வேர்பிடிக்கும் ஒன்றிரண்டுதான் பிரச்சினை.

சிறுநீரகம், மார்பகம், தைராய்டு, விதை, தலை-கழுத்துப் பகுதி, எலும்பில் வரும் ஆஸ்டியோசர்கோமா, தோலில் வரும் மெலனோமா ஆகிய புற்றுநோய்கள் நுரையீரலுக்குப் போவது அடிக்கடி நடப்பது. பெருங்குடலின் ரத்தம் முதலில் கல்லீரலுக்குப் போவதால், அந்த வகையில் கல்லீரல்தான் முதலில் மாட்டும். ஆனால் மலக்குடலின் கீழ்ப்பகுதி ரத்தத்தில் ஒரு பங்கு கல்லீரலைத் தொடாமலே இதயத்துக்கு வந்துவிடுகிறது. அங்கே கட்டி இருப்பவருக்குக் கல்லீரல் சுத்தமாக இருந்தும் நுரையீரலில் பரவல் இருக்கலாம்.

அப்படிப் பரவினால் அது நுரையீரல் புற்றுநோயா?

இல்லை. நுரையீரலில் குடியேறிய மார்பகப் புற்றுநோய், மார்பகப் புற்றுநோய்தான். மருந்தும் அதற்குரியதுதான். இந்த வித்தியாசம் தெரியாமல் "அம்மாவுக்கு ரெண்டு கேன்சர் வந்துடுச்சு" என்று கலங்குபவர்கள் நிறைய.

இருமல் இல்லை, மூச்சு வாங்கவில்லை. அப்புறமும் பரவியிருக்க முடியுமா?

முடியும். நுரையீரலின் உட்பகுதியில் வலியை உணரும் நரம்புகள் இல்லை. வெளி உறையையோ பெரிய மூச்சுக்குழாயையோ தொடாதவரை கட்டிகள் சத்தம் போடாமல் இருக்கும். அதனால்தான் படம் எடுத்துத் தேட வேண்டியிருக்கிறது.

எக்ஸ்ரே எடுத்தால் போதாதா? நூறு இருநூறு ரூபாயில் முடியுமே.

ஆரம்பப் பார்வைக்கு எக்ஸ்ரே நல்லதுதான். பெரிய கட்டி, நெஞ்சில் நீர் கோர்த்திருப்பது, நிமோனியா எல்லாம் அதில் தெரியும். ஆனால் ஒரு முழு நெஞ்சையும் ஒரே தட்டையான படமாக அமுக்கிக் காட்டுகிற கருவி அது. விலா எலும்பு, இதயம், உதரவிதானம் எல்லாம் நுரையீரலின் மேல் நிழலாக விழும். இதயத்துக்குப் பின்னால் நெல்லிக்காய் அளவில் ஒன்று இருந்தால்கூடத் தப்பிவிடலாம். ஒரு சென்டிமீட்டருக்குக் குறைந்தவை பெரும்பாலும் கண்ணுக்கே அகப்படாது. "எக்ஸ்ரே நார்மல்" என்ற வரிக்கு "பெரிதாக எதுவும் இல்லை" என்று மட்டுமே அர்த்தம்.

ஒரு விசித்திரமான விதிவிலக்கு உண்டு. கர்ப்பத்தோடு தொடர்புள்ள கோரியோகார்சினோமா போன்ற கட்டிகளுக்கு எவ்வளவு தீவிரமான சிகிச்சை தேவை என்று முடிவுசெய்ய, உலக மகப்பேறு மருத்துவக் கூட்டமைப்பான ஃபிகோ ஒரு மதிப்பெண் முறை வைத்திருக்கிறது. அதில் நுரையீரல் கட்டிகளைச் சி.டி.யில் அல்ல, எக்ஸ்ரேயில் தெரிவதை வைத்துத்தான் எண்ண வேண்டும். சி.டி.யில் மட்டும் தெரியும் பொடிக் கட்டிகளையும் சேர்த்து எண்ணினால் மதிப்பெண் ஏறி, தேவைக்கு மீறிய மருந்து கொடுக்க நேரும்.

சி.டி. ஸ்கேன் அதைவிட எப்படி மேல்?

நெஞ்சை ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லிய குறுக்குத் துண்டுகளாகப் பிரித்துக் காட்டும். ஒன்றின் நிழல் இன்னொன்றின் மேல் விழாது. காற்று நிறைந்த நுரையீரல் கறுப்பாக இருக்க, கட்டி வெள்ளைப் புள்ளியாகத் தனித்துத் தெரியும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் புள்ளிகூட மாட்டும்.

சி.டி. ஸ்கேனை உருவாக்கிய காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் இயந்திரத்தில் முதல் நோயாளியைப் படுக்கவைத்தது 1971 அக்டோபரில், லண்டனில். 1979இல் ஆலன் கார்மாக்கோடு சேர்ந்து அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் அந்த இயந்திரம் மூளைக்கு மட்டுமே உதவியது. ஒரு துண்டுக்கே சில நிமிடங்கள் பிடித்தன, அதற்குள் நெஞ்சு ஏறி இறங்கிவிடும். மேசை நகர்ந்துகொண்டே இருக்க, எக்ஸ்ரே குழாய் சுற்றிக்கொண்டே படம்பிடிக்கும் சுருள் முறை 1990ஐ ஒட்டி வந்தபிறகுதான் ஒரே மூச்சுப் பிடிப்பில் முழு நுரையீரலையும் எடுக்க முடிந்தது. ஸ்கேன் அறையில் "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று ஒலிபெருக்கி சொல்லும்போது நிஜமாகவே பிடியுங்கள். பாதியில் விட்டால் அடிநுரையீரல் கலங்கலாகிவிடும். அங்கேதான் ரத்தவோட்டம் அதிகம், பரவல் கட்டிகளும் அதிகம்.

ஸ்கேன் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் டாக்டர்களான நாங்கள் திரையின் முன்னால் செய்வது இதுதான்: நூற்றுக்கணக்கான துண்டுகளை மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் என்று உருட்டிப் பார்ப்போம். குறுக்கே வெட்டினால் ரத்தக்குழாயும் வெள்ளை வட்டம்தான், கட்டியும் வெள்ளை வட்டம்தான். குழாய் அடுத்தடுத்த துண்டுகளில் நகர்ந்து, கிளைபிரிந்து தொடரும். கட்டி திடீரென்று முளைத்து, மூன்று நான்கு துண்டுகளில் காணாமல் போகும். கண் தவறவிடாமல் இருக்க, பத்துத் துண்டுகளை ஒன்றாக அடுக்கி அவற்றின் வெளிச்சமான புள்ளிகளை மட்டும் காட்டும் வசதியும் கணினியில் இருக்கிறது. அதில் குழாய்கள் கிளை கிளையாக நீள, கட்டிகள் மட்டும் உருண்டையாக நிற்கும்.

ரிப்போர்ட்டில் "4 மி.மீ. நாட்யூல்" என்று போட்டிருக்கிறது. பரவிவிட்டதா?

இந்தக் கேள்விதான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் வருகிறது. நாட்யூல் என்றால் மூன்று சென்டிமீட்டருக்கு மேற்படாத உருண்டையான வெள்ளைப் புள்ளி. அவ்வளவுதான். அது என்ன என்று அந்தச் சொல் சொல்வதில்லை.

என்னவெல்லாமாக இருக்கலாம்? எப்போதோ வந்து ஆறிய காசநோயின் தழும்பு. நுரையீரலுக்குள்ளேயே இருக்கும் சின்ன நிணநீர் முடிச்சு. பழைய நிமோனியாவின் மிச்சம். பூஞ்சைத் தொற்று. அல்லது பரவல். உலகின் காசநோயாளிகளில் சுமார் கால்வாசிப் பேர் இந்தியாவில் இருக்கிறார்கள். அதனால் நம் ஊர் நெஞ்சு ஸ்கேன்களில் இந்தத் தழும்புகள் சர்வசாதாரணம். புற்றுநோய் வந்ததால் ஸ்கேன் எடுத்தோம், எடுத்ததால் பழைய தழும்பு தெரிந்தது என்பதுதான் பலருடைய கதை.

சந்தேகத்தைக் கூட்டும் அடையாளங்கள் சில: பல கட்டிகள், வெவ்வேறு அளவில், வழுவழுப்பான உருண்டையாக, நுரையீரலின் ஓரங்களிலும் அடிப்பாகத்திலும் இருப்பது. சிறுநீரகப் புற்றுநோயில் பெரிய உருண்டைகள் தெரியும். அதைப் பீரங்கிக் குண்டு என்றே டாக்டர்கள் சொல்வார்கள். குறைக்கும் அடையாளங்கள்: உள்ளே முழுக்கச் சுண்ணாம்பு படிந்திருப்பது, நுரையீரல் மடல்களுக்கு இடையிலுள்ள பிளவை ஒட்டி முக்கோண வடிவில் தட்டையாக இருப்பது, மேல் நுரையீரலில் சுருங்கிய தழும்புக்குப் பக்கத்தில் இருப்பது. இதிலும் ஒரு பொறி உண்டு. ஆஸ்டியோசர்கோமா எலும்பை உண்டாக்கும் புற்றுநோய். அதன் பரவல் கட்டிகளிலும் சுண்ணாம்பு இருக்கும். அந்த நோயாளிக்குச் "சுண்ணாம்புதானே, பழைய தழும்பு" என்று சொல்லிவிட முடியாது.

இணையத்தில் தேடினால், நெஞ்சுப் படங்களைப் படிக்கும் டாக்டர்களின் அமைப்பான ஃப்ளெய்ஷ்னர் சங்கத்தின் 2017ஆம் ஆண்டு அட்டவணை கண்ணில் படும். இத்தனை மில்லிமீட்டருக்குக் கீழே என்றால் மறுபடி ஸ்கேனே வேண்டாம் என்று அதில் இருக்கும். அதைப் பார்த்து நிம்மதியாகிவிட வேண்டாம். ஏற்கெனவே புற்றுநோய் உள்ளவர்களுக்கு அந்த அட்டவணை பொருந்தாது என்று அவர்களே தெளிவாக எழுதியிருக்கிறார்கள்.

ஒரே ஒரு கட்டிதான், கொஞ்சம் பெரியது. அது?

மூன்று வழி: பரவல், புதிதாக வந்த நுரையீரல் புற்றுநோய், அல்லது புற்றுநோயே இல்லாத ஒன்று. புகைப்பழக்கம் இருந்து, கட்டி மேல் மடலில் முட்கள் நீட்டியதுபோல் இருந்தால் இரண்டாவதை நினைக்க வேண்டும். சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்காமல் இதில் முடிவுக்கு வரக்கூடாது என்பது என் கருத்து. இரண்டுக்கும் சிகிச்சை அடியோடு வேறு.

"மூன்று மாதம் கழித்து மறுபடி எடுக்கலாம்" என்கிறார்கள். அதுவரை சும்மா இருப்பதா?

காத்திருப்பது கொடுமைதான், மறுக்கவில்லை. ஆனால் நான்கு மில்லிமீட்டர் புள்ளியை ஊசியால் குத்திச் சதை எடுப்பது கஷ்டம், பெட் ஸ்கேனும் அந்த அளவில் கைவிடும். மிச்சமிருக்கும் நம்பகமான சோதனை, காலம். தழும்பு அப்படியே இருக்கும், தொற்று சுருங்கும், பரவல் வளரும்.

இங்கே ஒரு கணக்கு தெரிந்திருப்பது நல்லது. உருண்டையின் விட்டம் கால்வாசி கூடினால் அதன் கன அளவு இரண்டு மடங்காகிவிடும். 5 மில்லிமீட்டர் புள்ளி 6.3 ஆனால், உள்ளிருக்கும் செல்கள் இருமடங்காகியிருக்கின்றன என்று பொருள். ஆனால் ஒரே படத்தை இரண்டு பேர் அளந்தாலே ஒன்றரை மில்லிமீட்டர் வரை வித்தியாசம் வரலாம். அதனால் இரண்டு வாரத்தில் எடுத்தால் வளர்ந்ததா அளவுப் பிழையா என்று சொல்ல முடியாது. இடைவெளி விடுவதன் காரணம் அதுதான், அலட்சியம் அல்ல. "சும்மா இருப்பது" என்பதும் சரியில்லை. மூலக்கட்டிக்கான அறுவைசிகிச்சையோ கீமோவோ பெரும்பாலும் அந்த நேரத்தில் நடந்துகொண்டிருக்கும்.

மறுபடி எடுக்கும்போது முடிந்தவரை அதே இடத்தில், அதே முறையில் எடுங்கள். முதலில் ஐந்து மில்லிமீட்டர் துண்டும் அடுத்து ஒரு மில்லிமீட்டர் துண்டும் எடுத்தால், முன்பு மறைந்திருந்தது இப்போது "புதிதாக" முளைத்ததுபோல் தெரியும்.

பழைய ஸ்கேன்களைக் கொண்டுவரச் சொல்கிறார்களே, ரிப்போர்ட் மட்டும் போதாதா?

போதவே போதாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

பழைய ரிப்போர்ட்டில் நாட்யூல் பற்றி ஒன்றும் எழுதாமல் இருந்திருக்கலாம். ஆனால் படத்தில் அது இருக்கும். மூன்று வருடத்துக்கு முன் வேறு எதற்கோ எடுத்த வயிற்று சி.டி.யில்கூட அடிநுரையீரல் கொஞ்சம் விழுந்திருக்கும். கொரோனா காலத்தில் எடுத்த நெஞ்சு சி.டி. பலர் வீட்டு அலமாரியில் கிடக்கிறது. அதில் அதே புள்ளி அதே அளவில் இருந்தால், மூன்று மாதக் காத்திருப்பு, பயாப்ஸி எனும் சதைப் பரிசோதனை, தூக்கமில்லாத இரவுகள் எல்லாம் பெரும்பாலும் அன்றைக்கே தீர்ந்துவிடும்.

ஃபிலிமைவிட டிஸ்க் நல்லது. ஃபிலிமில் தேர்ந்தெடுத்த சில துண்டுகள் மட்டும் இருக்கும், டிஸ்க்கில் முழுவதும் இருக்கும். டிஸ்க் தொலைந்துவிட்டால் எடுத்த இடத்தில் கேளுங்கள்; பல மையங்களில் சில காலம் சேமித்து வைத்திருப்பார்கள். கிடைத்தவுடன் பென்டிரைவில் ஒரு நகல். வாட்ஸ்அப்பில் ஃபிலிமைப் போட்டோ எடுத்து அனுப்புவது உதவாது.

பெட் ஸ்கேன் எடுத்தால் உடனே தெரிந்துவிடாதா?

பெட் ஸ்கேன் கட்டியின் உருவத்தைவிட அதன் பசியைப் பார்க்கிறது. கதிரியக்க ஃப்ளூரின் ஒட்டிய சர்க்கரையை ஊசி மூலம் செலுத்தி, எந்த இடம் அதை அதிகமாக இழுக்கிறது என்று படம் பிடிப்பார்கள். அந்த ஃப்ளூரினின் பாதி 110 நிமிடங்களில் சிதைந்துவிடும். மருந்து ஆலையிலிருந்து நேரம் பார்த்து வருவதால்தான் "சரியா ஏழு மணிக்கு வந்துடுங்க" என்று கெடுபிடி செய்கிறார்கள். நான்கு முதல் ஆறு மணி நேரம் வெறும் வயிறு, ரத்தச் சர்க்கரை 200க்குக் கீழே.

உடம்பு முழுவதையும் ஒரே தடவையில் பார்க்க அது அருமையான கருவி. ஆனால் சின்ன நுரையீரல் கட்டிகளில் அதற்கு மூன்று பலவீனங்கள். எட்டு மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் ஒளிர்வு போதாது. படம் எடுக்கும் சில நிமிடங்களும் நோயாளி மூச்சுவிட்டுக்கொண்டே இருப்பதால், அடிப்பகுதிக் கட்டிகளின் வெளிச்சம் அங்குமிங்கும் சிதறிவிடும். மூன்றாவது, சில புற்றுநோய்களுக்குச் சர்க்கரை மேல் அவ்வளவு ஆசை இல்லை. சிறுநீரகப் புற்றுநோயில் சிலவும், சளி போன்ற பொருளைச் சுரக்கும் குடல் புற்றுநோயும் மங்கலாகவே தெரியலாம்.

நேர்மாறாக, உயிரோடிருக்கும் காசநோய், சார்காய்டோசிஸ் என்ற அழற்சி நோய், நிமோனியா எல்லாமே பளிச்சென்று ஒளிரும். அந்த இடம் எவ்வளவு சர்க்கரை இழுத்தது என்பதற்கு எஸ்.யு.வி. என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். 2.5க்கு மேல் என்றால் புற்றுநோய் என்று எங்கோ படித்துவிட்டு வருபவர்கள் உண்டு. காசநோய்க் கட்டி 10ஐத் தாண்டுவதும் நடக்கும். அந்த எண்ணை வைத்து மட்டும் யாரும் தீர்ப்பு சொல்ல வேண்டாம்.

காசநோயா, பரவலா என்று எப்படித்தான் பிரிப்பது?

இரண்டும் நுரையீரல் முழுக்கத் தினை தூவியதுபோல் வரலாம். படத்தில் சில குறிப்புகள் கிடைக்கும்: மூச்சுக்குழாயின் நுனிகளில் துளிர்விட்ட கிளைபோல் தெரிந்தால் தொற்று என்று சாய்வோம். முடிவு சொல்வது சளிப் பரிசோதனை, மூச்சுக்குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்கும் பிராங்காஸ்கோபி, அல்லது சி.டி.யின் வழிகாட்டலில் ஊசியால் எடுக்கும் சதைத் துணுக்கு. அந்த ஊசியில் முக்கியமான ஆபத்து நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிவது. பலருக்கு அது தானாகவே சரியாகும், சிலருக்கு நெஞ்சில் குழாய் போட வேண்டிவரும். எடுத்த துணுக்கைப் புற்றுநோய்க்கும் காசநோய்க்கும் இரண்டுக்குமே அனுப்பினார்களா என்று கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை.

எல்லாப் புற்றுநோயாளிக்கும் நுரையீரல் ஸ்கேன் தேவையா?

தேவையில்லை. தொடக்க நிலை மார்பகப் புற்றுநோயில், அறிகுறி எதுவும் இல்லாதவருக்குப் பெட், சி.டி., எலும்பு ஸ்கேன் எடுக்க வேண்டாம் என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2012லேயே சொல்லிவிட்டது. அந்தக் கட்டத்தில் பரவல் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அர்த்தமில்லாத புள்ளிகள் அகப்படும் வாய்ப்புதான் அதிகம். "எதுக்கும் ஒரு ஃபுல் பாடி எடுத்துடலாம்" என்று வீட்டில் யாராவது வற்புறுத்தினால் இதைச் சொல்லுங்கள். ஆஸ்டியோசர்கோமாவில் நிலைமை நேரெதிர். அங்கே நெஞ்சு சி.டி. இல்லாமல் சிகிச்சையே தொடங்கக் கூடாது.

கான்ட்ராஸ்ட் ஊசி அவசியமா?

ரத்தக்குழாய்களும் உறுப்புகளும் படத்தில் பளிச்சென்று தெரியப் போடும் மருந்து அது. நுரையீரலுக்குள் இருக்கும் புள்ளியைக் காண அது தேவையில்லை. நடு நெஞ்சின் நிணநீர் முடிச்சுகளையும் கல்லீரலையும் சேர்த்துப் பார்க்கத்தான் போடுவார்கள். போட்டதும் உடம்பு சூடாகும், வாயில் உலோகச் சுவை வரும், சிறுநீர் போய்விட்டதுபோல் தோன்றும். ஒரு நிமிடத்தில் அடங்கிவிடும். சிறுநீரகம் பழுதானவர்கள், சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்கள், முன்பு ஒவ்வாமை வந்தவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

தைராய்டு புற்றுநோய்க்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இந்த ஊசி மருந்தில் அயோடின் இருக்கிறது. அது உடம்பில் நிறைந்திருந்தால் கதிரியக்க அயோடின் சிகிச்சையைச் சில வாரங்கள் தள்ளிப்போட நேரும். தைராய்டிலிருந்து வரும் பொடிப்பொடிப் பரவல் சி.டி.யில் தெரியாமல் அயோடின் ஸ்கேனில் மட்டும் தெரிவதும் உண்டு, முக்கியமாகச் சிறுவர்களிடம்.

எம்.ஆர்.ஐ., அல்ட்ராசவுண்ட் எடுத்தால் கதிர்வீச்சு இல்லையே?

நுரையீரல் முழுக்கக் காற்று. இரண்டு கருவிக்கும் காற்று ஆகாது. நெஞ்சில் கோர்த்த நீரைப் பார்க்க அல்ட்ராசவுண்ட் நல்லது, அவ்வளவே.

சி.டி.யின் கதிர்வீச்சே புற்றுநோயை உண்டாக்காதா?

கதிர்வீச்சை மில்லிசீவர்ட் என்ற அலகில் அளப்பார்கள். நெஞ்சு சி.டி. ஒன்றுக்குச் சுமார் 5 முதல் 7 மில்லிசீவர்ட். எதுவும் செய்யாமல் இந்த பூமியில் ஒரு வருடம் வாழ்ந்தாலே சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் வாங்குகிறோம். ஏற்கெனவே புற்றுநோய் உள்ள பெரியவருக்குத் தேவையான ஸ்கேனைத் தவிர்க்க இது காரணமாகாது. குணமாகிப் பல்லாண்டு வாழப்போகும் சிறுவர்கள், இளைஞர்களுக்குத்தான் ஒவ்வொரு ஸ்கேனையும் கணக்குப் பார்க்க வேண்டும். அவர்களுக்குக் குறைந்த அளவுக் கதிர்வீச்சில் எடுக்கவும் வழி உண்டு. கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால்கூட முதலிலேயே சொல்லுங்கள்.

கீமோவுக்குப் பிறகு நுரையீரலில் புதிதாக வெள்ளை தெரிகிறதாம். மருந்து வேலை செய்யவில்லையா?

அவசரப்பட வேண்டாம். மருந்தே அதைச் செய்திருக்கலாம். விதைப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் பிளியோமைசின் நுரையீரலைப் பாதிக்கும். அரிதாக, பரவல்போலவே உருண்டைகளையும் உண்டாக்கும். மார்பகத்துக்குக் கதிர்சிகிச்சை எடுத்தவருக்குச் சில மாதங்களில், கதிர் பட்ட பகுதியில் மட்டும், நேர்கோட்டில் வெட்டியதுபோல் வெண்மை வரும். நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் போன்ற, உடம்பின் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்துகள் நுரையீரல் அழற்சியைக் கிளப்பலாம். அதைப் புற்றுநோய் என்று நினைத்துவிட்டால் ஆபத்து, ஏனென்றால் அதற்கு மருந்து ஸ்டீராய்டு. ஸ்கேன் சீட்டில் "என்ன மருந்து, எத்தனையாவது சுற்று" என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் வாயாலாவது சொல்லிவிடுங்கள்.

"ஸ்டேபிள்" என்று எழுதியிருக்கிறார்களே, கட்டி குறையவில்லையே?

ரெசிஸ்ட் என்ற அளவுகோலில் கட்டிகளின் விட்டங்களைக் கூட்டி, 30 சதவீதமாவது குறைந்தால்தான் "குறைந்தது" என்பார்கள். 20 சதவீதமாவது கூடி, அந்தக் கூடுதல் 5 மில்லிமீட்டரையும் எட்டினால், அல்லது புதுக் கட்டி வந்தால், "வளர்ந்தது". நடுவில் இருப்பதெல்லாம் ஸ்டேபிள். பரவிய நோயில் பல சமயம் அது நல்ல செய்திதான்.

நுரையீரலுக்குப் பரவிவிட்டது உறுதி என்றால், எல்லாம் முடிந்ததா?

எந்தப் புற்றுநோய் என்பதைப் பொறுத்தது. 1950களின் நடுவில் அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனத்தில் மின் சியூ லி, ராய் ஹெர்ட்ஸ் இருவரும் கோரியோகார்சினோமா வந்த பெண்களுக்கு மெத்தோட்ரெக்சேட் என்ற கீமோ மருந்தைக் கொடுத்தபோது, எக்ஸ்ரேயில் தெரிந்த நுரையீரல் கட்டிகள் மறைந்துபோயின. கீமோவால் மட்டும் குணமான முதல் திடக்கட்டி அதுதான். விதைப் புற்றுநோயும் பரவிய பிறகும் பெரும்பாலும் குணமாவது. சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்குக்கு 1996இல் நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவிய நிலையில்தான் அது கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு ஊக்கமருந்து விவகாரத்தில் பட்டங்கள் பறிபோனது வேறு கதை, குணமானது குணமானதுதான்.

ஆஸ்டியோசர்கோமாவிலும் குடல் புற்றுநோயிலும், எண்ணி எடுக்கக்கூடிய அளவில் கட்டிகள் இருந்தால் அறுவைசிகிச்சையால் நீக்குவது வழக்கம். தைராய்டுக்குக் கதிரியக்க அயோடின் இருக்கிறது. மற்ற பலவற்றில் முழுக் குணம் கைக்கு எட்டாமல் போகலாம். அங்கே பேச்சு, நோயை எவ்வளவு காலம் அடக்கி வைக்கலாம், மூச்சு சிரமமில்லாமல் எப்படிப் பார்த்துக்கொள்ளலாம் என்பதாக இருக்கும். இதை ஸ்கேன் எழுதும் டாக்டரிடம் கேட்காதீர்கள். சிகிச்சை கொடுப்பவரிடம் நேரம் வாங்கி உட்கார்ந்து கேளுங்கள்.

பெட் ஸ்கேன் எடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்கலாமா?

அன்று சில மணி நேரம் மட்டும் கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள் பக்கத்தில் ஒட்டி உட்கார வேண்டாம். தண்ணீர் நிறையக் குடித்து, அடிக்கடி சிறுநீர் கழியுங்கள். மறுநாள் தாராளமாகத் தூக்கலாம். சாதாரண சி.டி.க்கு இந்தக் கட்டுப்பாடே கிடையாது, மேசையிலிருந்து இறங்கியதுமே தூக்கலாம்.